வாயுவா, நரம்பா? – காலில் இறங்கும் இடுப்பு வலி



சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகரம் ஒன்றில், நம் அண்டை வீட்டில் வசித்த தமிழ் அம்மையார் ஒருவர் திடீரென இடுப்பு வலியால் வருந்தலானார். அவருடைய மகன் அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தார். வீட்டில் வேறெவருக்கும் இந்தி வாராது. ஆகவே, அம்மையாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று பேசும் பொறுப்பு நம்மிடம் வந்தது. மொழிபெயர்ப்பே நமது தொழிலாதலால், இதனை மிக எளிய காரியம் என்றே எண்ணினோம். அம்மையார், “இடுப்பிலே வாயு பிடித்துக்கொண்டு, கால் வழியாக இறங்குகிறது” என்றார். ‘வாயு’ என்பதற்கு நேரான சொல் என்று கருதி, நாம் ‘கேஸ்’ என்றோம். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அஜீரணத்திற்கு மருந்து எழுதிக் கொடுத்தார். பத்து நாட்கள் கழிந்தன. வலி குறையவில்லை. அதனினும் பெரிதாக, நடக்கும்போது அம்மையாரின் இடக்காற் செருப்பு அவரறியாமலே நழுவலாயிற்று. கால் பெருவிரலை மேலே தூக்குமாறு சொன்னால், அது எழவில்லை.

பிழை மருத்துவருடையதன்று, நம்முடையதே. தமிழில் ‘வாயுப் பிடிப்பு’ என்பது வயிற்றில் சேரும் காற்றை மட்டும் குறிப்பதன்று. தசையிலும் மூட்டிலும் நரம்பிலும் தோன்றி, இடம் விட்டு இடம் ஓடும் வலியையும் நம் முன்னோர் அச்சொல்லாலேயே குறித்தனர். வடமொழி வைத்திய நூலாகிய சரக சம்ஹிதையும், இடுப்பிலிருந்து பாதம் வரை இறங்கும் இவ்வலியைக் ‘கிருத்ரசி’ என்னும் பெயரால் வாத நோய்களுள் ஒன்றாகவே வைத்துள்ளது. எனவே, அம்மையார் தம் வலியைத் தமிழ் மரபின்படி சரியாகவே சொன்னார். நாம் சொல்லை மொழிபெயர்த்தோம், நோயை மொழிபெயர்க்கவில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின் இவ்வலியைப் பற்றி நாம் கற்றறிந்தவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இன்று மருத்துவர்கள் ‘சயாட்டிகா’ என வழங்கும் இவ்வலி, சயாட்டிக் நரம்பு என்னும் பெருநரம்பின் பாதையிலே எழுவது. மனித உடலிலுள்ள நரம்புகள் அனைத்திலும் பருமனும் நீளமும் மிக்கது இதுவே. முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து வெளிப்படும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றுகூடி இந்நரம்பாகின்றன. புட்டத்தின் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு விரலின் பருமனுடன் இது செல்கிறது. பின்தொடை வழியே இறங்கி, பெரும்பாலோர்க்கு முழங்காலுக்குச் சற்று மேலே இரு கிளைகளாகப் பிரிந்து, கால் விரல்கள் வரை எட்டுகிறது. ஆகையால், கோளாறு இடுப்பில் இருப்பினும், வலி கெண்டைக்காலிலோ பாதத்திலோ தெரியலாம். காலைத் தேய்த்துத் தேய்த்துப் பலர் சலித்துப்போவதன் காரணம் இதுவே. வேர் ஓரிடத்தில் நெருக்கப்பட, வலி வேறோரிடத்தில் பேசுகிறது.

இவ்வலி நரம்பைச் சார்ந்தது என்பதை 1764-ஆம் ஆண்டிலேயே, இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த தொமெனிகோ கொத்துன்யோ என்னும் மருத்துவர் நூலாக எழுதி விளக்கினார். எனினும், நரம்பை நெருக்குவது யாது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1934-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்பதை எடுத்துக் காட்டினர்.

‘டிஸ்க் விலகிவிட்டது’ என்று இன்று பலரும் கூறக் கேட்கிறோம். உண்மையில் வட்டு தன் இடத்தை விட்டு நழுவி ஓடிவிடுவதில்லை. அதன் வெளிப்புறம் நார்களாலான உறுதியான வளையம். உட்புறம் நீர் செறிந்த, கூழ் போன்ற பொருள். வயதினாலும் இயல்பாலும் சுமையினாலும் அவ்வளையத்தில் வெடிப்பு உண்டாகுமாயின், உள்ளிருக்கும் கூழ் அவ்வழியே பிதுங்குகிறது. அது நரம்பு வேரைத் தொட்டு அழுத்துவதுடன், அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. இவ்வழற்சியே வலியின் கொடுமைக்குப் பெருங்காரணம். இருமும்போதும் தும்மும்போதும் காலில் ‘சுளீர்’ என்று மின்னல் பாய்வது போன்றிருப்பது, அவ்வேளையில் முதுகெலும்பினுள் அழுத்தம் மிகுவதாலேயே.

காரணங்கள் வேறும் உண்டு. முதியோர்க்கு முதுகெலும்பினுள் நரம்பு செல்லும் வழி குறுகிப்போகலாம். இத்தகையோர் சிறிது தூரம் நடந்ததும் கால் வலித்து நிற்பர். உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ வலி தணியும். ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின்மேல் முன்னோக்கிச் சரிவதாலும் இவ்வலி வரும். நம் நாட்டில் முதுகெலும்பைப் பற்றும் காசநோயையும் மறத்தலாகாது. புட்டத்தில் தவறான இடத்தில் போடப்பட்ட ஊசியும் இந்நரம்பை ஊறுபடுத்துவதுண்டு. நீரிழிவு உடையோர்க்கு இரு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும் தோன்றுமாயின், அது பெரும்பாலும் வேறு வகை நரம்பு நோய். இரண்டையும் பிரித்தறிதல் மருத்துவரின் கடமை.

இனி, நேயர்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றைக் கூறுவோம். பிதுங்கிய வட்டினால் வரும் இவ்வலி எத்துணைக் கொடியதாயினும், பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கத்தியின்றியே தணிந்துவிடுகிறது. பிதுங்கிய பகுதியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, ‘இனி நான் நடக்கமாட்டேன்’ என்று முதல் வாரத்திலேயே மனம் உடைவது வேண்டாம்.

முன்னாளில் இவ்வலி கண்டவரைப் பலகையின்மேல் வாரக்கணக்கில் படுக்க வைப்பது வழக்கம். இன்று அவ்வழக்கம் கைவிடப்பட்டுள்ளது. 1999-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள் 183 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் செய்தனர்; மற்றப் பிரிவினரை இயன்ற அளவு நடமாடச் சொன்னார்கள். இரண்டு வார முடிவில், படுத்திருந்தோருள் 100-க்கு 70 பேரும், நடமாடினோருள் 100-க்கு 65 பேரும் குணம் தெரிவதாகக் கூறினர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பன்னிரண்டு வாரம் கழிந்தபின் இரு பிரிவிலும் 100-க்கு 87 பேர் தேறியிருந்தனர். படுக்கையினால் தனிப்பயன் ஒன்றும் விளையவில்லை. அதனால் தசை தளர்வதும், வேலை கெடுவதும், மனம் சோர்வதுமே மிச்சம். வலி மிக்க முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு கொள்வதில் தவறில்லை. அதன்பின் வீட்டிற்குள் சிறுகச் சிறுக நடத்தல் வேண்டும்.

படுக்கும்போது ஒருக்களித்துப் படுத்து, இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு தலையணையை வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பின் இடுப்புக்கு இதமாயிருக்கும். ஒரே இருக்கையில் மணிக்கணக்காக அமர்தல் ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடத்தல் நலம். காற்சட்டையின் பின்பையில் தடித்த பணப்பையை வைத்து அதன்மேல் அமரும் வழக்கமுடையோர் அதனை முன்பைக்கு மாற்றுக. உடற்பயிற்சிகளைத் தேர்ந்த பிசியோதெரபி நிபுணரிடம் நேரிற் கற்பதே முறை. அவற்றைச் செய்யும்போது நினைவிற் கொள்ளத்தக்க குறி ஒன்று உண்டு: வலி பாதத்தை விட்டுக் கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பின்பு இடுப்புக்குமாக மேலேறி ஒடுங்குமாயின், பயிற்சி ஏற்றது. வலி கீழ்நோக்கிப் பாதம் வரை இறங்குமாயின், அப்பயிற்சியை நிறுத்தி நிபுணரைக் கேட்டல் வேண்டும்.

நல்லெண்ணெயோ தைலமோ தடவி மெல்லத் தேய்ப்பதாலும், வெந்நீர் ஒற்றடத்தாலும் இறுகிய தசைகள் தளர்ந்து சிறிது சுகம் கிடைக்கும். வடக்கே குளிர் மிகுந்த மாதங்களில் இது பெரிதும் உதவுவதே. ஆனால், மரத்துப்போன இடத்தில் ஒற்றடமிடுவது ஆபத்து. சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். நீரிழிவு உடையோர் இதில் இரட்டிப்பு எச்சரிக்கை கொள்ளுதல் வேண்டும். சுளுக்கெடுப்பதாகச் சொல்லி இடுப்பை முறுக்குதல், முதுகின்மேல் ஏறி மிதித்தல் ஆகியவற்றை அறவே விலக்குக. கால் முன்னதாகப் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விட்டுவிடும் என்னும் நம்பிக்கை வடநாட்டிலும் உண்டு. பிதுங்கிய வட்டின்மேல் விழும் உதை, நரம்பை மேலும் நசுக்கவே வழிசெய்யும்.

மருந்துகளைக் குறித்தும் சில சொற்கள். கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் வலி மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்திற்குக் கேடும் விளையலாம். இரத்த அழுத்தமுடையோரும் முதியோரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றைத் தொடவே வேண்டா. ‘நரம்பு மாத்திரை’ என்று நம் நாட்டில் தாராளமாக எழுதப்படும் பிரிகாபலின் என்னும் மருந்தை 2017-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் சோதித்தனர். வெறும் மாத்திரையைக் காட்டிலும் அது வலியைக் குறைக்கவில்லை; தலைசுற்றல் முதலிய தொல்லைகளே மிகுந்தன. எனினும், இதனை நெடுநாள் உட்கொண்டு வருவோர் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

வலி கண்ட மறுநாளே எம்.ஆர்.ஐ. படம் எடுக்க ஓடுவோரும் உளர். அபாயக் குறிகள் இல்லையெனில் அதற்கு அவசரம் இல்லை. வலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து, 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருபது வயதினரில் 100-க்கு 30 பேருக்கும், எண்பது வயதினரில் 100-க்கு 84 பேருக்கும் வட்டு புடைத்திருந்தது. அவர்களுக்கோ ஒரு நோவும் இல்லை! ஆகவே படத்தில் காணும் ஒவ்வொரு புடைப்பும் நோயன்று. தலைநரையைப்போல அதுவும் பல சமயம் வயதின் அடையாளமே. படம் சொல்வதும் கால் சொல்வதும் ஒத்திருந்தால் மட்டுமே அதற்குப் பொருளுண்டு.

அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கடும் வலியால் வாடிய 283 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் நீங்கிற்று. ஆயினும், ஓராண்டு முடிவில் இரு சாராரிலும் 100-க்கு 95 பேர் தேறியிருந்தனர். பொறுத்திருந்தவர்களிலும் ஏறத்தாழ 100-க்கு 39 பேர் வலி தாளாது பின்னர் அறுவையை நாடினர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். எனவே, அறுவை என்பது அஞ்சத்தக்கதும் அன்று, அவசரப்படத்தக்கதும் அன்று. வாரங்கள் பல கடந்தும் வலி வாழ்க்கையை முடக்குமாயின், மருத்துவருடன் கலந்து முடிவு செய்யத்தக்க ஒரு வழி அது.

ஆனால், பொறுத்திருத்தல் என்னும் அறிவுரை சிலருக்குப் பொருந்தாது. சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல்; சிறுநீரோ மலமோ தம்மையறியாது கழிதல்; சேணத்தின்மேல் அமரும்போது படும் உடற்பகுதி, அதாவது மலவாயையும் பிறப்புறுப்பையும் சூழ்ந்த இடம், மரத்துப்போதல்; இரு கால்களும் ஒருங்கே வலுவிழத்தல் – இவற்றுள் ஒன்று தோன்றினும், அன்றே, அந்நேரமே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். முதுகெலும்பின் அடியில் குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் இது. இங்கே நாட்கணக்கு உதவாது, மணிக்கணக்கே முக்கியம். தாமதித்தால் சிறுநீரை அடக்கும் ஆற்றல் திரும்பாமலே போகலாம். கூச்சத்தால் இதனை மறைத்துத் துன்புறுவோர், சிறப்பாகப் பெண்டிர், பலர். 112 என்னும் அவசர எண் நாடெங்கும் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

பாதம் தொங்குதல், செருப்பு நழுவுதல், பெருவிரல் எழாமை ஆகியனவும் காலம் தாழ்த்தாது காட்டத்தக்கவையே. வலியுடன் காய்ச்சல், உடல் மெலிவு, படுத்தாலும் தணியாத இரவு நோவு ஆகியவை சேர்ந்திருப்பினும், முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்திருப்பினும், கீழே விழுந்தபின் வலி தொடங்கியிருப்பினும், விரைந்து சோதித்தல் அவசியம்.

வீட்டிலேயே செய்யத்தக்க சிறு சோதனை ஒன்று உண்டு. சுவரைத் தொட்டவாறு முதலில் குதிகாலால் நடந்து பார்க்க. பின்பு நுனிக்காலால் நடந்து பார்க்க. ஒரு காலால் மட்டும் இயலவில்லை எனில், நரம்பு வலுவிழந்துள்ளது எனக் கொள்க. நாம் அன்று அம்மையாரைக் குதிகாலால் இரண்டடி நடக்கச் சொல்லியிருந்தால், பத்து நாட்கள் வீணாகியிரா.

இனி, அயல் மொழி வழங்கும் ஊரில் நோயைச் சொல்லும் முறைக்கு வருவோம். ‘வாயு’ என்ற சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டா. ‘நரம்பு’ என்பதிலும் எச்சரிக்கை தேவை. கையில் நீலமாய்ப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நாம் நரம்பு என்கிறோம். இந்தியில் ‘நஸ்’ என்னும் சொல்லும் அவ்வாறே இரு பொருள் தருவது. ‘நஸ் சட் கயீ’ என்றால் தசை சுண்டி இழுத்துக்கொண்டது என்றே கேட்பவர் கொள்வர். அதற்கு மாறாக, வலி தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, அது ஓடும் வழியெல்லாம் விரலால் கோடிட்டுக் காட்டுக. அவ்விரலுக்கு மொழி வேண்டுவதில்லை. ‘கமர் ஸே பைர் தக் தர்த் ஜாதா ஹை’ என்றால், இடுப்பிலிருந்து பாதம் வரை வலி செல்கிறது என்பது பொருள்.

வலி வேறு, மதமதப்பு வேறு, மரத்துப்போதல் வேறு. இம்மூன்றையும் தனித்தனியே சொல்லுதல் வேண்டும். மரத்துப்போவதை இந்தியில் ‘சுன்’ என்றும், மராத்தியில் ‘பதீர்’ என்றும், வங்காளியில் ‘அபஷ்’ என்றும் கூறுவர். மதமதப்பை இந்தியில் ‘ஜன்ஜனாஹட்’ என்பர். எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்று நாம் சொல்வதுபோலவே, மராத்தியரும் ‘முங்க்யா’ என எறும்பின் பெயராலேயே அதனைக் குறிப்பது வியப்புக்குரியது. சிறுநீர் அடைத்துக்கொண்டது என்பதை, ‘பேஷாப் ருக் கயா ஹை’ என்று கூசாமல் சொல்லுக.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு சிறு தாளில் ஏழு செய்திகளை எழுதி எடுத்துச் செல்வது நலம்: வலி என்று தொடங்கியது, எங்கிருந்து எங்கே செல்கிறது, எது செய்தால் மிகுகிறது, எது செய்தால் தணிகிறது, எவ்விடம் மரத்துள்ளது, எவ்விரல் வலுவிழந்தது, இப்போது உட்கொள்ளும் மருந்துகள் யாவை. மொழி தெரிந்த அண்டை வீட்டார் ஒருவரைக்கொண்டு இதனை அவ்வூர் மொழியில் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வலி தணிந்தபின்னும் சில பழக்கங்களைக் காத்தல் வேண்டும். அயலூரில் நமக்கு உதவியாள் குறைவு. சமையல் எரிவாயு உருளையில் நிரம்பிய வாயு 14.2 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதனை ஒருவராய்த் தூக்காது உருட்டியோ நகர்த்தியோ செல்க. எதனைத் தூக்கினும் இடுப்பை முறுக்காமல், முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்குக. ஊருக்குச் செல்லும் நெடும் ரயில் பயணத்தில் அரிசியும் வடகமும் ஊறுகாயும் ஒரே பெட்டியில் அடைக்கும் ஆசை யாவர்க்கும் உண்டு. அதனை இரண்டு சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வதில் இழப்பொன்றும் இல்லை. வண்டி ஓடும்போது அவ்வப்போது எழுந்து, கைப்பிடியைப் பற்றியவாறு பெட்டிக்குள் சற்று உலாவுதலும் நன்று.

அம்மையாரின் கதையை முடிக்காது விடலாகாது. இரண்டாம் முறை மருத்துவமனைக்குச் சென்றபோது, நாம் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை. அம்மையாரே தம் இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினார். மருத்துவர் அவர் காலை நீட்டியபடி உயர்த்திப் பார்த்து, உடனே விளங்கிக்கொண்டார். அறுவையின்றியே சில வாரங்களில் வலி தணிந்தது. பெருவிரல் முற்றும் எழுவதற்கு மட்டும் ஏழு மாதம் ஆயிற்று. இன்றும் அவர் மாலைதோறும் பூங்காவில் உலாவி வருகிறார். நம்மைக் காணும்போதெல்லாம், “என்ன, வாயு சௌக்கியமா?” என்று கேட்டு நகைப்பது வழக்கம். அந்நகைப்பை நாம் தலைகுனிந்து ஏற்றுக்கொள்கிறோம்.